நிழலில் இறங்கிய அம்மை

பிப்ரவரி 24, திங்கள்

புறவழிச்சாலை அளவை இன்று தொடங்கிவிட்டது. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரே பொட்டல். இருந்த ஒரே வேப்பமரமும் சாலைக்கு நடுவில் வருகிறது. அதன் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியது நான்தான். எழுதி முடித்து அதன் நிழலிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் பெரிய குடை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இல்லை, அளவைக் கருவிக்கு. வெயில் ஏறினால் கருவி பிசகும், அதனால் அதற்குக் குடை பிடிக்க வேண்டும் என்பது விதி. உதவியாளர் வேல்மயில் அண்ணன் கருவிக்குக் குடை பிடிக்கிறார். நான் குனிந்து கண்ணை மட்டும் நிழலுக்குள் நீட்டிப் பார்க்கிறேன். மிச்ச உடம்பு முழுக்க வெயிலில் கிடக்கிறது. அரசாங்க நில அளவர் நாகஜோதி பிசகினால் கோடு பிசகாது போலிருக்கிறது.

வரும் வழியில் மருந்துக் கடையில் சன்ஸ்கிரீன் வாங்கினேன். முப்பதா ஐம்பதா என்று கடைக்காரர் கேட்டார். பெரிய எண்ணே கொடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் கண்ணாடி முன் நின்று பூசிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் தேய்ந்து மறையாமல் முகத்தில் வெள்ளையாகவே நின்றது. என் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பொங்கலுக்கு வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாக. நீ என்னடி மூஞ்சிக்கு அடிக்கிற?"

"வெயிலுக்குப் பூசுறது அத்தை."

"நாங்கெல்லாம் பருத்திக் காட்டுல நிக்கையில என்னத்தப் பூசுனோம்? வேர்வையத்தான் பூசுனோம்."

இந்த வீட்டில் என்னைச் 'சாப்பிட்டியா' என்று யாரும் கேட்டதில்லை என்று எழுதினால் அது பொய். கேட்பார்கள், சட்டியைக் கழுவிப் போடலாமா என்று தெரிந்துகொள்ள.

பிப்ரவரி 27, வியாழன்

வேர்வையோடு க்ரீம் கண்ணில் இறங்கி எரிச்சல். அளவு இரண்டு முறை தப்பியது.

மார்ச் 4, செவ்வாய்

மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவந்திருக்கிறது. தொட்டால் சூடு. வேல்மயில் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "க்ரீம் ஒத்துக்கலையோ மேடம்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பூசாத காலத்தில் கறுத்தேனே தவிரச் சிவந்ததில்லை. இனிமேல் வேண்டாம் என்று ட்யூபைக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டேன். பொட்டல் காற்று அதை நிற்க விடுவதில்லை. ஒரு கை துப்பட்டாவுக்கு, ஒரு கை பேனாவுக்கு. நிலத்துக்காரர் ஒருவர், "மேடம் யாரு, கலெக்டரா?" என்று வேல்மயில் அண்ணனிடம் கேட்டாராம். முகத்தை மூடிக்கொண்டால் பெரிய உத்தியோகம் என்று நினைக்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறக்க அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர், அதாவது என் கணவர் ஜெயபாண்டி, மோட்டார் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறார். எதையும் திருகித் திறந்துவிடுவார். "பேனா புடிச்சுப் புடிச்சு இப்புடி ஆயிருச்சா ஜோதி?" என்றார். இருக்கலாம்.

குளியலறைத் துளையில் முடி முடியாக அடைத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் உதிரும்தான். தூக்கம் போதவில்லை. வேறொன்றும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

காய்ச்சல். காலையில் எழுந்து உட்கார்ந்தேன், எழுந்து நிற்க முடியவில்லை. அத்தை காபியோடு வந்தவர் ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆத்தா வந்துருக்கா" என்றார்.

அரைமணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. உள்ளறையில் பாய், பாய் மேல் வெள்ளை வேட்டி, வேட்டி மேல் வேப்பிலை. ஜன்னலைச் சாத்தி அதன் மேல் கனமான சேலையைக் கட்டித் தொங்கவிட்டார். அடுப்பில் தாளிப்பு கிடையாது. சோப்பு, சீப்பு கிடையாது. மாத்திரை கிடையவே கிடையாது. கணவருக்கு வெளி வராண்டாவில் படுக்கை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போன மாதம் தங்கை நிச்சயத்துக்கு அரை நாள் கேட்டபோது ஆயிரம் கேள்வி கேட்ட அதிகாரி, அம்மை என்றதும், "ஐயோ, பாத்துக்கங்கம்மா, தலைக்கு ஊத்தின அப்புறமா வாங்க" என்றார். அம்மையிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இருட்டாக இருக்கிறது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அத்தை ஒரு வேப்பங்கொத்தை வைத்து என் கையில் மெல்ல வருடிக்கொண்டே இருந்தார். அரிப்பா என்று கேட்டார். எரிச்சல் என்றேன். அதற்கும் வருடினார்.

"ஆத்தா, ஒரு வாய் மோரு குடிக்கிறீகளா?"

முதலில் யாரிடம் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான். அம்மை போட்டவளை அம்மனாகப் பாவிக்க வேண்டும், ஏக வசனம் கூடாது, கோபப்படக் கூடாது, கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. நுங்கு வேண்டும் என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். இந்தப் பருவத்தில் எங்கே கிடைத்ததோ, மத்தியானம் வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

அத்தை காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். பிறகு நீட்டிக்கொண்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் குறைந்துவிட்டது. கன்னத்தில் சூடு இல்லை.

படுத்துக்கொண்டே கையைப் பார்த்தேன். அம்மை என்றால் முத்து முத்தாக எழும்பும், நீர் கோக்கும், வறளும். எனக்கு ஒரு முத்துகூட இல்லை. வெறும் சிவப்பு. அதுவும் சுடிதாரின் கை முடிகிற இடத்தில் தொடங்கிப் புறங்கை வரைதான். துணி மூடியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கழுத்திலும் அப்படியே, கழுத்து வெட்டியிருக்கிற அளவுக்கு முக்கோணமாக. எல்லைக்கோடு பார்ப்பது என் பிழைப்பு. மாரியாத்தாளுக்கு என் தையல்காரியின் அளவு எப்படித் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது.

அதற்குள் மோர் வந்துவிட்டது. யோசனை போய்விட்டது.

மார்ச் 14, வெள்ளி

நாள் முழுக்கத் தூங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை. இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். எதை, யாரிடம் என்று தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அண்டா நிறையத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் காயவைத்து, சூடேறியதும் அத்தையே ஊற்றினார். முகத்தைத் துடைத்துவிட்டுத் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சிவப்பு அநேகமாகப் போய்விட்டிருந்தது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறங்கிட்டா. மகராசி, ஒரு வடு வைக்காம எறங்கிட்டா."

தண்ணீர் ஊற்றும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களிடம் சொன்னார், "பங்குனித் திருவிழாவுக்கு எம் மருமக பால்குடம் எடுப்பான்னு நேந்துக்கிட்டேன்." இத்தனை வருடமும் நான் வெளியாட்களிடம் 'அவன் பொண்டாட்டி' ஆகத்தான் இருந்தேன். 'எம் மருமக' என்பதை இன்றுதான் கேட்டேன். எந்தக் குடத்தையும் எடுக்கலாம் போலிருந்தது.

மார்ச் 20, வியாழன்

பொட்டலுக்குத் திரும்பினேன். வேல்மயில் அண்ணன் எனக்காகப் பனையோலைத் தொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார். காலையில் நன்றாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னம் ஊசி குத்துவதுபோல் ஆரம்பித்தது. சாயங்காலம் பஸ் கண்ணாடியில் பார்த்தேன். மூக்குக்கு இருபுறமும் சிறகு விரித்ததுபோல் அதே சிவப்பு.

வீட்டுக்கு வந்ததும் முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டேன். அத்தை பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மார்ச் 21, வெள்ளி

களத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். அண்ணத்தில் புண் இருக்கிறதாம், எனக்கே தெரியாது. வலிக்கவில்லை. மூட்டு வலிக்குமா, முடி கொட்டுமா, எப்போதும் அசதியா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, இந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறாரோ என்று தோன்றியது.

இரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை வரச் சொன்னார்.

மார்ச் 26, புதன்

லூபஸ் என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம். வெயில் பட்டால் அதற்குக் கோபம் வருமாம்.

"அப்ப அம்மை?" என்றேன்.

"அம்மை இல்லம்மா. இருட்டு ரூம்ல வெயில் படாம இருந்தீங்கள்ல, அதான் எறங்கியிருக்கு. உங்க மாமியார் பண்ணுன வைத்தியம் தப்புன்னு சொல்ல மாட்டேன். என்னால அப்படி ஒருத்தரைப் படுக்க வைக்க முடியாது."

"சன்ஸ்கிரீன் பூசுனதாலதான் செவந்துச்சுன்னு நிறுத்திட்டேன் டாக்டர்."

"அதை நிறுத்துனதுதான் தப்பு. ஆனா நீங்க பூசுன அளவும் பத்தாது. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். வேர்த்துட்டா, ரெண்டு மணி நேரமாயிட்டா, திரும்பப் பூசணும். அது மட்டும் போதும்னு நெனைச்சுராதீங்க. மொதல்ல நிழல், அப்புறம் துணி, அப்புறம்தான் க்ரீம். முழுக்கைச் சட்டை, கெட்டித் துணி. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் வெளிய போகாதீங்க."

"நான் நில அளவர் டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். சிறுநீரில் லேசாகப் புரதம் போகிறது, இப்போது பயமில்லை, மாத்திரையில் நின்றுவிடும், ஆனால் வெயிலில் நின்று நோயைக் கிளறிவிட்டால் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம் என்றார்.

நான் பால்குடத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரே ஒரு நாள். ஊர்வலம் காலையில் கண்மாய்க் கரையில் கிளம்பி உச்சி வெயிலில் கோயிலுக்குப் போய்ச் சேரும். வழிநெடுக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், க்ரீம் நிற்காது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. தெரியாததாலதான் வேண்டாங்கறேன்" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

வரைபடப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு மனு கொடுத்தேன். அதிகாரி டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மைக்கு இருந்த மரியாதை இதற்கு இல்லை. "வெயிலு யாருக்கும்மா ஆகுது?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேல்மயில் அண்ணனிடம் சொன்னேன். "அங்க ஃபேன் இருக்கு மேடம், நல்லதுதான்" என்றார். பொட்டலைத் திரும்பிப் பார்த்தபோது அழுகை வந்தது. இந்த வேலைக்குப் படிக்கும்போது, பெண் பிள்ளை காடு மேடு அலைவாளா என்று எங்கள் வீட்டில் அத்தனை பேரும் கேட்டார்கள். அலைவேன் என்று சொல்லித்தான் வந்தேன்.

பெட்டியின் அடியிலிருந்து ட்யூபை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கோயிலில் காப்புக் கட்டினார்கள். எனக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நேர்ந்தவள் என்பதால் அத்தைக்கும். மருமகள் மட்டும் விரதமிருந்தால் போதும் என்று பூசாரி சொன்னார். "எம் பிள்ளைக்கு வந்தது எனக்கு வந்த மாதிரி" என்று அத்தை கையை நீட்டிவிட்டார்.

கயிறு கட்டும்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. பூசாரி திருநீறு போட்டுவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

அலுவலகக் குளியலறையில் க்ரீம் பூசுகிறேன். வீட்டுக்கு வருமுன் கழுவிவிட்டு மஞ்சள் பூசிக்கொள்கிறேன். திருட்டுத்தனம் செய்பவளுக்கு இவ்வளவு சோர்வு ஆகாது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது. விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு, அதற்கு மேல் குமட்டல். அத்தை எனக்கென்று தனியாகப் பருப்புக் கடைந்து உருட்டி உருட்டிக் கையில் வைக்கிறார்.

ஏப்ரல் 3, வியாழன்

அவரிடம் சொல்லிவிட்டேன். கடையில், மோட்டார்களுக்கு நடுவில். சிறுநீரகம் என்றதும் பயந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்துப் பயம் அவருடைய அம்மா பக்கம் திரும்பிவிட்டது.

"அம்மா மனசு விட்டுப் போயிரும் ஜோதி. ஒரு நாள்தான? நல்லா முட்டாக்குப் போட்டுக்க. அந்தக் க்ரீமை ரெண்டு மடங்கு பூசிக்க. நான் கூடவே வந்து வெசுறுறேன்."

"குடத்தைத் தூக்கிட்டு நடக்குறப்ப எப்புடிங்க முட்டாக்குப் போடுறது? ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கும்."

"பூசாரிகிட்ட வேணா கேட்டுப் பாக்கவா, வெள்ளன எடுத்துட்டுப் போக முடியுமான்னு?"

"கேட்டுட்டேன். கூட்டத்தோடதான் போகணுமாம்."

அவர் ஒரு காயிலைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். நல்ல மனிதர். எரிந்துபோன மோட்டாரைத்தான் இவருக்குச் சரிசெய்யத் தெரியும். எரியுமுன் என்ன செய்வது என்று தெரியாது.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன்.

அத்தை முற்றத்தில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடம் பளபளவென்று வந்திருந்தது. நான் நிழலில் நின்றபடி, "அத்தை, எனக்கு வந்தது அம்மை இல்லை" என்றேன். நோயின் பெயரைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், சிறுநீரகத்தைச் சொன்னேன். ஒப்பித்ததுபோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"காப்புக் கட்டும்போது தெரியும்."

"ம்."

"பருப்பு உருட்டி வைக்கும்போது தெரியும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கையெல்லாம் புளிக்கரைசல்.

"ஆத்தா ஆத்தான்னு காலைத் தொட்டுக் கும்பிட்டேனே. நான் யாரைக் கும்பிட்டேன்?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த இருட்டறையில் இருந்த நாட்கள்தான் இந்த வீட்டில் எனக்கு நன்றாக இருந்தன. இது வெறும் வியாதி என்று சொல்லிவிட்டால் ஆத்தாளும் போய்விடுவாள், மோரும் போய்விடும், எம் மருமகளும் போய்விடும் என்று பயந்தேன். முப்பது வயதுக்கு மேல் ஒரு டம்ளர் மோருக்கு இப்படி ஏங்குவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் ஏங்கினேன்.

அத்தை குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்திருந்தார், மூடி போட்டு. பருப்பு உருண்டை இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றும் பேசவில்லை. மகனிடம் சொல்லி அனுப்பினார், பால்குடம் தானே எடுப்பதாக. நேர்ந்தது நேர்ந்ததுதானாம், யார் தலையில் ஏறினாலும் ஆத்தாளுக்குப் பால் போய்ச் சேர வேண்டுமாம். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் தேய்ந்தவர், விரதத்தில் வேறு இருக்கிறார். நான் போய், "நானே எடுக்குறேன் அத்தை, ஒண்ணும் ஆகாது" என்றேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

நானே எடுக்கிறேன் என்றேனே, அதை நிஜமாகத்தான் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். எடு என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். சொல்ல மாட்டார் என்றும் தெரிந்திருந்தது.

துணி துவைத்தேன். மாத்திரை சாப்பிட்டேன். அரிசி ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடியுமுன் அத்தை கிளம்பிப் போய்விட்டார், மஞ்சள் சேலை, வெறுங்கால். அவரும் கூடப் போனார். வீட்டில் நான் மட்டும்.

எங்கள் ஊர் வழக்கப்படி பால்குடம் எடுக்கும் பெண்கள் வாயில் மஞ்சள் துணி கட்டிக்கொள்வார்கள். குடம் கோயிலில் இறங்கும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் நேர்த்தி செல்லாது. வழியில் அவரவர் வீட்டு முன்னால் நிற்கும்போது வீட்டுக்காரர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற ஆள் இல்லாத வீடு என்றால் அது ஒரு பேச்சாகிவிடும்.

அதனால் நான் தயாரானேன். ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசினேன். கைக்கும் பூசினேன். அவருடைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். தலையைத் துண்டால் சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தால் நாற்று நடப் போகிறவள்போல் இருந்தேன். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றேன். உச்சி வெயில். எங்கள் வாசற்படிக்கு மேலே கூரை நீட்டியிருக்கிற அளவுக்குத்தான் நிழல். அதற்கப்பால் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது.

கொட்டுச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. வரிசையாக மஞ்சள் சேலைகள். அத்தை நடுவில் வந்தார். முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. பார்வை எங்கேயோ இருந்தது. கால் தாரில் நிற்கவில்லை. ஒன்றை வைத்து ஒன்றை எடுத்து, வைத்து எடுத்து, தத்தித் தத்தி வந்தார். எங்கள் வீட்டுக்கு நேராக ரோட்டின் நடுவில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் படியிலிருந்து இறங்கினேன். ஓரடி வைத்திருப்பேன், வெயில் சட்டைக்குள் புகுந்ததுபோல் முதுகு சுட்டது. அடுத்த அடி வைத்தேன்.

அத்தை குடத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். குடம் சாய்ந்து பால் நெற்றியில் வழிந்தது. எடுத்த கையால் வாயில் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்தார்.

"வெயில்ல எறங்காதடி! உள்ள போ!"

தெருவே கேட்கிற சத்தம். கொட்டு நின்றுவிட்டது. பின்னால் நின்ற பெண் ஒருத்தி வாயில் துணியோடு "ம்ம்" என்று பதறினாள். கூட வந்தவர்களில் யாரோ, "பேசிருச்சே, நேர்த்தி போச்சே" என்றார்கள். என் கணவர் ஓடி வந்து குடத்தைத் தாங்கப் பார்த்தார். அத்தை அவரை முழங்கையால் தள்ளிவிட்டார்.

நான் பின்னால் போய்ப் படியேறி நிழலில் நின்றேன்.

வரிசையை விட்டு விலகக் கூடாது. அத்தை விலகினார். ரோட்டைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்து, கூரை நிழலுக்குள் படிக்குக் கீழே நின்று, ஒரு காலை நீட்டினார். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. அங்கங்கே தோல் வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது.

"அங்கனயே நின்னு ஊத்து" என்றார்.

ஊற்றினேன். ஒரு கால், அப்புறம் மறுகால். தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். குடத்தில் இருந்ததெல்லாம் தீரும்வரை ஊற்றினேன். "அத்தை, மன்னிச்சிருங்க" என்றேன். கொட்டுக்காரர்கள் மறுபடி தொடங்கிவிட்டார்கள், கேட்டதா என்று தெரியவில்லை.

கழுத்தில் கிடந்த துணியைக் கட்டிக்கொள்ள அத்தைக்குக் கை இல்லை, இரண்டும் குடத்தில். குனிந்து என் பக்கம் முகத்தை நீட்டினார். துணியை வாய்க்கு மேல் ஏற்றி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டேன். விரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. முடிச்சு கோயில் வரைக்கும் தாங்கியதாம், கூடப் போன கணவர் வந்து சொன்னார்.